பதியுளை

அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரி போட்டவன் நான்தான். 2009ஆம் ஆண்டு, தரம் 9, புவியியல் ஒப்படை. தலைப்பு 'எமது பிரதேசம்'. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருகிற பிள்ளை. பச்சை அட்டை போட்டு, நமுனுகுலை மலையைக் கலர்ப் பென்சிலால் கீறி ஒட்டியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: பதுளை என்னும் பெயர் 'பதியுளை' என்ற பழந்தமிழ்ச் சொல்லிலிருந்து மருவி வந்ததென அறிஞர் கூறுவர்.

அந்த அறிஞர் நான். அது அவளுக்குத் தெரியாது. பதியுளை என்றொரு சொல் பழந்தமிழிலும் இல்லை, புதுத்தமிழிலும் இல்லை. அதை உண்டாக்கியது நான். 24 வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை இரவு, பதுளை டவுனில் வாடகை அறையொன்றில், கரண்ட் போயிருந்த நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அது பிறந்தது.

20க்கு 18 போட்டேன். குறைத்த இரண்டு புள்ளியும் வரைபடத்தில் வடக்குத் திசை குறிக்காததற்கு.

அந்த இரவின் பின்னணியைச் சொல்லாமல் இருந்தால் அதுவும் ஒரு மறைப்பாகிவிடும். ஆனால் அதைச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை எரிந்தது. தமிழ்க் கடைகள் வரிசையாக எரிந்து நின்றதை அடுத்த கிழமை பார்த்தேன். கருகின துணி மூட்டையிலிருந்து இன்னமும் புகை வந்துகொண்டிருந்தது. அப்போது எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து ஒரு வருடம். 'இது உங்கட ஊர் இல்லை' என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். "நம்ம ஊர்ப் பேரப் பத்தி எழுதுங்க சேர். ரெண்டு பக்கம் போதும்."

அந்தக் காலத்தில் என் தலைமாட்டில் இருந்த புத்தகம் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்'. 1946இல் வந்தது. தமிழ்நாட்டு ஊர்களின் பெயர்களைப் பிடித்து, காடு, மலை, கடல், குலம், கோயில் என்று அவர் வகுத்துக்கொண்டு போகும் நடையில் மயங்காத தமிழ் வாத்தியார் அப்போது கிடையாது. எனக்கும் பதுளைக்கு ஒரு சேதுப்பிள்ளையாக வேண்டும் என்ற ஆசை. அவர் தேவாரத்தையும் கல்வெட்டையும் கரைத்துக் குடித்தவர். நான் அவர் புத்தகத்தை மட்டும் குடித்தவன்.

செய்த விதம் இதுதான். பதி என்றால் தெய்வம் உறையும் ஊர். பதுளை நகரத்தில் கதிர்காமத் தேவாலயம் இருக்கிறது. கதிர்காமத் தெய்வம் நம் முருகன். முருகனின் பதி உள்ள இடம் பதியுள்ளை, பிறகு பதியுளை, பிறகு பதுளை. மூன்று வரியில் வேலை முடிந்தது. எழுதி முடித்தபோது எனக்கே மெய் சிலிர்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்கிறவனுக்குத்தான் அந்தப் பொய் முதலில் ருசிக்கும்.

அதோடு நின்றிருந்தால் கற்பனை என்று தள்ளிவிடலாம். சான்று வேண்டுமே என்று ஒரு கல்வெட்டையும் இழுத்தேன். பதுளைப் பொது நூலகத்து வளவில் ஒரு தூண் கல்வெட்டு நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வெட்டு இந்நகரின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றது' என்று எழுதினேன். வாசிப்பவர் அந்தக் கல்லில் பதியுளை என்று பொறித்திருப்பதாக நினைக்கும்படி அந்த வாக்கியத்தை வைத்த இடத்தில்தான் என் சாமர்த்தியம் இருந்தது. அந்தக் கல் பதுளையைப் பற்றியதே இல்லை. மகியங்கனைக்குப் பக்கத்தில் சொரபொர வாவிக்கரையில் கிடந்து, வெள்ளைக்காரர் காலத்தில் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. ஹோபிடிகம என்ற சந்தை ஊரின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாக வசூலிக்கிறார்கள் என்று ராசாவிடம் முறையிட்டதும், ராசா அதற்கு விதித்த ஒழுங்குகளும்தான் அதில் இருப்பவை. பழைய சிங்களம். அன்றைக்கு ஒரு வரியும் எனக்கு வாசிக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

மலர் வந்தது. பாராட்டினார்கள். ஒரு பரிசளிப்பு விழாவில் பேச வந்தவர் என் பெயரைச் சொல்லாமல் பதியுளையை மட்டும் எடுத்துப் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. அப்போது எனக்கு வந்த கோபம் பொய் பரவுகிறதே என்பதற்கில்லை. என் பெயரை விட்டுவிட்டாரே என்பதற்கு.

உள்ளதை ஒரு சிங்கள ஆசிரியர் எனக்குச் சொன்னார். எங்கள் பாடசாலைக்குப் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு ஒன்றாகப் போட்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் பெயர் விசயம் வந்தது. நான் பதியுளையை அவிழ்த்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பதுளு என்று ஒரு மரம் உண்டு, தன் பாட்டி சின்ன வயதில் அதன் கீழே போய் நிற்க விடமாட்டார், பால் பட்டால் உடம்பு கொப்பளித்துவிடும் என்று மட்டும் சொன்னார். சிங்களத்தில் பதுல்ல என்பது அந்த மரங்களின் பெயர். நம் ஊரில் வண்ணார் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை அதன் ஒன்றுவிட்ட சகோதரம். ஊருக்கு மரத்தின் பெயர் வந்தது என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். மரத்தின் பெயரில் ஊர் இருப்பது ஆச்சரியமா? ஆலங்குடியும் வேப்பங்குளமும் நமக்கில்லையா? ஒரு மரம் நின்ற இடத்தில் நான் கோயிலைக் கட்டிவிட்டேன். 'அப்படியா' என்றேன். வினாத்தாள் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

இந்த மாதிரிப் பொய் ஊவாவில் சுலபமாக விளையும். அதற்கு நம் வாயும் ஒரு காரணம். சிங்களப் பெயர் தமிழ் வாய்க்கு வந்தால் கடைசியில் ஓர் ஐகாரம் ஏறிவிடும். பஸ்ஸர பசறை, வெலிமட வெலிமடை, லுணுகல லுணுகலை. கல என்றால் சிங்களத்தில் கல், பாறை. கெலே என்றால் காடு. இரண்டுமே நம் வாயில் கலை ஆகின்றன. லுணுகலையில் பாறை, பசறைப் பக்கத்துக் கோணக்கலையில் கடமான் திரிந்த காடு. முல்ல என்றால் மூலை. அல்துமுல்லையில் அது முல்லைப்பூ ஆயிற்று. தென்ன என்றால் மலைச்சரிவில் கொஞ்சம் தட்டையாகக் கிடக்கும் நிலம். அதுவும் தென்னை. 4,000 அடிக்கு மேலே தென்னை எங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கொஸ்லாந்தையில் கொஸ் பலா, லந்த பற்றைக்காடு. மொனராகலை மயிற்பாறை. இவ்வளவு அழகான பெயர்களை வைத்துக்கொண்டு, கலை வளர்ந்ததால் கலை என்று முடிகிறது என்று வகுப்பில் சொன்ன வாத்திமாரையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களைத் திருத்தும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுக்கும் ஒரு கதை உண்டு. நான் என் மலர்க்கட்டுரையில் தொடாமல் விட்ட கதை. 1817–18இல் ஊவா வெல்லஸ்ஸையில் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது கிராமங்களைக் கொளுத்தினார்கள், வயலை அழித்தார்கள், மாட்டைக் கொன்றார்கள். பிறகு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குச் சொந்தமாயின. அந்த நிலத்தில் கோப்பி வந்தது. கோப்பியோடு எங்கள் பாட்டன் பூட்டன் வந்தார்கள். அவர்கள் காணி பிடிக்க வந்தவர்கள் அல்லர், கடனோடு நடந்து வந்தவர்கள். ஆனாலும் அந்த மண்ணுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. எரிந்த கடைக்குப் பதிலாக நான் ஒரு மரத்தின் பெயரை எடுத்தேன். கணக்கு எங்கே நேராகிறது?

ஆனால் பதியுளை இந்த வாக்குமூலத்தின் சின்னப் பாதிதான். பெரிய பாதி ஒரு சி.ஆர். கொப்பியில் இருக்கிறது.

1978இல் நான் பல்கலைக்கழக மாணவன். எங்கள் லயத்திலிருந்து அந்தப் படியேறிய முதல் ஆள். புவியியலுக்கு ஒரு செயல்முறை வேலை தந்தார்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் நில அளவைப் படத்தை வைத்துக்கொண்டு அவரவர் ஊருக்கு ஒரு பெரிய படம் கீற வேண்டும். விரிவுரையாளர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "படத்தில் இல்லாத பெயர்கள் வேணும். உங்கட சனம் வாயால சொல்லுற பெயர்கள்."

விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டின அட்டைக்கு உப்பு வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் கொப்பியோடு பக்கத்தில். "எதுக்கு தம்பி இதெல்லாம்? தொரைமாருக்குத் தெரிஞ்ச பேரா எளுது." ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பணிய லயத்து அப்பாயியும் வந்து சேர்ந்துகொள்வார். இரண்டு பேரும் ஒரு பெயருக்கு அரை மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். ஐந்து நாளில் 61 பெயர் சேர்ந்தது.

ஒரு தோட்டத்தில் மொத்தம் 61 பெயர்! ஒபிசில் தொங்கிய புளூபிரிண்டில் அந்த நிலம் முழுவதும் 22 நம்பர்களாகத்தான் இருந்தது. செக்ரோலுக்கு நம்பர் போதும். இன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் எத்தனை பேர், எத்தனை ராத்தல், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர்.

அரைப்பேரு மலை என்றே ஒன்று இருந்தது. செங்குத்தான சரிவு, மெலிந்த தேயிலை. எவ்வளவு கை ஓடினாலும் ராத்தல் நிறையாது. அங்கே போனால் அரை நாள் கூலிதான் என்று முடிவாகிவிட்ட மலை. கோப்பிக்காடு என்று ஒன்று. அதில் ஒரு கோப்பிச் செடி கிடையாது, அம்மாவின் அம்மா காலத்திலும் கிடையாது. கோப்பி இலையில் துரு விழுந்தது இலங்கையில் முதலில் கண்ணில் பட்டது 1869இல், எங்கள் பக்கத்து மடுல்சீமையில்தான். இருபது வருடத்துக்குள் கோப்பி செத்துத் தேயிலை வந்துவிட்டது. செடி செத்து நூறு வருடமாகியும் பெயரை யாரும் பிடுங்கவில்லை. நாட்டுப்பாதை: தோட்டத்தில் நாடு என்றால் சிங்களக் கிராமம். நாங்கள் இருந்தது தோட்டம், அவர்கள் இருந்தது நாடு. இந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதலாம். ஸ்டோருக்குப் பின்னால் ரோதமுனி கல். ரோதை சுற்றும் இயந்திரத்துக்குள் கை போகாமல் காக்கும் சாமிக்கு அங்கே ஒரு கல்லும் சூலமும். தபால்காரன் முடக்கு, காவக்காரன் பாறை, ஊத்து மலை.

புள்ளத்தாச்சி மேடு. நிறைமாதத்தில் கூடையோடு மலைக்குப் போன ஒருத்தி நிரையிலேயே பிள்ளை பெற்ற இடம். அவள் யார் என்று அம்மாவுக்கும் அப்பாயிக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில் மட்டும் பெண்கள் கூடையை இறக்கி ஒரு நிமிசம் நிற்பார்கள், கங்காணியும் ஏச மாட்டார் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

எறங்குன மலை. "அது எறங்கி வந்த மலை தம்பி. ஒரு மழையில அப்படியே எறங்கிருச்சாம். அங்கன லயம் கட்டக்கூடாது." கொப்பியில் 34ஆவது பெயர்.

திரும்பிப் போகிற ரயிலில் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பதுளைதான் பாதையின் முடிவு. 1924இல் ரயில் வந்து நின்ற இடம், அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. தெமோதரை வளைவில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து தன்னையே சுற்றிக்கொண்டு ஏறுகிற நேரம், விடுதியில் என்னோடு இருக்கும் பையன்கள் இந்தப் பெயர்களை உரத்து வாசிப்பது காதில் கேட்டது. நிசமாகக் கேட்கவில்லை. நானே கேட்கவைத்தேன். புள்ளத்தாச்சி மேடாம்! அரைப்பேரு மலையாம்! அவர்கள் ஊர்களுக்கெல்லாம் கோயிலும் குளமும் பெயரில் இருந்தன. அதுவரை ஊர் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதுளை என்று சொல்லி வந்தவன் நான். பதுளை டவுனில் எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன். எங்கள் காம்பராவுக்கு இலக்கமும் கிடையாது, தெருவும் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், அவ்வளவுதான் விலாசம். கடிதம் ஒபிசுக்கு வந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுபடும்.

விடுதியில், அறைத்தோழன் தூங்கிய பிறகு, நீல மையால் 61 பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒரு கோடு இழுத்து விடவில்லை. எழுத்துத் தெரியாதபடி மேலும் கீழும் கிறுக்கி மூடினேன். சில இடத்தில் பேனை முனை தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் புளூபிரிண்டில் இருந்த 22 நம்பரையும் படத்தில் போட்டு, வட்டம் கீறி, நிறம் தீட்டி, அளவுத்திட்டமும் வடக்கும் ஒழுங்காகக் குறித்துக் கொடுத்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. வாய்வழிப் பெயர்கள் எங்கே என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. "தோட்டத்தில் அப்படி இல்லை சேர், நம்பர்தான்" என்றேன்.

நம்பர் எங்களுக்குப் புதிதில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களுக்குக் கழுத்தில் ஒரு தகரத்துண்டு கட்டி விடுவார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் எண்களும் எழுத்துகளும் அடித்திருக்கும். வழியில் எவனும் தமிழில் கேட்க வேண்டியதில்லை, தகரத்தைப் பார்த்து அனுப்பிவிடலாம். தோட்டங்களுக்குத் துரைமார் தங்கள் ஊரின் ஏக்கத்தில் பெயர் வைத்தார்கள்: கிளென் அல்பின், குயின்ஸ்டவுன், ஸ்பிரிங்வெலி. லெஜர்வத்தை என்றும் ஒன்று உண்டு. ஆங்கிலத்துப் பேரேடும் சிங்களத்துத் தோட்டமும் கலியாணம் கட்டிய பெயர், எனக்கு மிகவும் பிடித்தது. இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் மூன்றாவதாக, எந்தப் பலகையிலும் ஏறாமல், கொழுந்தெடுக்கிற பெண்களின் வாயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது ஒரு தமிழ். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். எனக்கு யாரையும் தேடிப் போகக்கூட வேண்டியிருக்கவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்தால் போதும். வந்ததை எழுதியும் வைத்திருந்தேன். அதைத்தான் அடித்தேன். ஏழு வருடம் கழித்து, இல்லாத ஒரு தமிழ்ப் பெயரை ஊருக்குக் கண்டுபிடிக்க மெழுகுதிரி கொளுத்தி உட்கார்ந்தேன்.

இந்த இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு 2015 வரை ஆயிற்று.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போக வேறு இடம் இல்லாத சனத்துக்கு எச்சரிக்கையை வைத்து என்ன செய்வது? அதன் பிறகு ஊவாத் தோட்டங்களில் மண்சரிவு பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். நான் பிறந்த தோட்டத்துக்கும் ஒரு குழு வந்தது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நிலம் வெடித்திருக்கிறதா, புது ஊற்றுக் கிளம்பியிருக்கிறதா, மரம் சாய்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனார் அந்த இளம் அதிகாரி. பதினான்காம் நம்பர் மலைக்குக் கீழே புதிதாக ஆறு தகர வீடு. வாசலில் ஒரு கிழவி, எண்பது இருக்கும். இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். கங்காணி முந்திக்கொண்டு, "பதினாலாம் நம்பர்" என்றார்.

"நம்பரு கெடக்கட்டும்" என்றார் கிழவி. "இது எறங்குன மலை. எங்கம்மா சின்னப்புள்ளையா இருக்கும்போது எறங்கினதாம். சேருக்குத் தெரியுமே. ஒங்கம்மாவும் சொல்லுமே."

மொழிபெயர்த்தேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். படத்தில் அந்தச் சரிவின் வளைவை விரலால் தடவினார். இந்த மாதிரிப் பெயர்கள் எங்களுக்கு மிகவும் தேவை, பழைய சரிவுகள் மறுபடியும் நகரும், இந்தப் பக்கத்தில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா, நீங்கள் புவியியல் ஆசிரியர்தானே என்று கேட்டார்.

"நே" என்றேன். இல்லை.

அவருக்கு அது சாதாரண பதில். குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கிழவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் தெரியும். தோட்டத்துக் கிழவிகளுக்கு நாட்டுச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதை நான் அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

அன்றிரவு அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அம்மா 1996இல் போய்விட்டார். நான் கழித்துப் போட்ட புத்தகம், கொப்பி எல்லாவற்றையும் மகனின் படிப்பு என்று அடுக்கி வைத்திருந்தார். சி.ஆர். கொப்பி அதில் இருந்தது. பக்கத்தைத் திருப்பி லைட்டுக்கு எதிரே பிடித்தால் பேனை அழுத்திய தடம் சில இடத்தில் பின்பக்கம் தெரிகிறது. அப்படி 23 பெயர் மீண்டது. 34ஆவது பெயர் இருந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. அதைக் கிழவி சொல்லிவிட்டதால் 24.

அப்போதாவது அதிகாரியைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை. ஆறு மாதம் கழித்து, அந்த 24 பெயரையும் தட்டச்சு செய்து, 'முதியோரிடமிருந்து திரட்டியவை' என்று மேலே போட்டு, தபாலில் அனுப்பினேன். அதுவும் பாதிப் பொய்தான். 2016இல் அந்தக் கோயில் மறுபடியும் மலர் போட்டது. பழைய கட்டுரையைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். 24 பெயர் மேசையில் இருந்தபோதுதான் தொலைபேசி வந்தது. சேருங்கள் என்றேன். படம் வேண்டும் என்றார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தேன். பதியுளை, இரண்டாம் பதிப்பு, ஆசிரியர் படத்துடன்.

மிச்சம் 37 பெயருக்கு ஆள் தேடினேன். தோட்டத்தில் இருந்தவர்கள் இல்லாமல் போயிருந்தார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது என்று எழுதினார்கள். அதன்படி எழுபதுகளில் எங்கள் லயத்திலேயே பாதிக் காம்பரா காலியானது. ஊர்ப் பெயர் தெரிந்தவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள் போலிருக்கிறது. அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்படிப் போனவர். கோத்தகிரியில் டேன்டீ தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். அங்கே அவர்களைச் சிலோன்காரங்க என்பார்களாம். போன வருடம் அவருடைய பேரன் கைப்பேசியில் பிடித்துக் கொடுத்தான். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை கறுப்பு மை.

"அத்த, நம்ம தோட்டத்து மலைப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா? எளுதிக்கிறேன்."

"இப்ப எதுக்குடா அதெல்லாம்? அன்னைக்கி உங்கம்மாகிட்டயும் எளுதிக்கிட்டுத்தான போன. அது எங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை இருமினார். பிறகு மளமளவென்று சொல்லத் தொடங்கினார். அரைப்பேரு மலை, ஊத்து மலை, கோப்பிக்காடு, சங்கிலிப்பாறை. சங்கிலிப்பாறை என் கொப்பியில் இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வந்ததும் ஒரு பெயர் இடித்தது. யூக்கலிப்டஸ் மேடு என்றார். எங்கள் தோட்டத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"இரு, இரு" என்றார் அத்தை. பேரனிடம் ஏதோ கேட்டார். அவன் சிரிப்பது கேட்டது. "அது இங்கன உள்ளது போலருக்குடா. இங்கயும் ஒரு புள்ளத்தாச்சி மேடு இருக்கு, ஊத்து மலை இருக்கு, நாங்கதான் பேரு வச்சோம். எனக்கு ரெண்டும் கலங்கிப் போச்சு. நீ எந்த மலயக் கேக்குற, அங்க உள்ளதா, இங்க உள்ளதா?"

"ரெண்டையும் சொல்லுங்க அத்த" என்றேன்.